கோவையில் 55 வயதுக்கு மேற்பட்டோர் குடியிருப்பு: போகலாமா? வீட்டில் இருவருக்கும் இரண்டு மனது

திருவெறும்பூர் டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 64 வயது. அரசுப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். வீட்டுக்காரருக்கு 69, பெல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். திருவெறும்பூரில் சொந்த வீடு, மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறோம். மகள் அமெரிக்காவில், மகன் புனேயில். இரண்டு பேருமே "எங்களோடு வந்துவிடுங்கள்" என்கிறார்கள். போய் இருந்தும் பார்த்தோம். பிள்ளைகள் மேல் குறை ஒன்றும் இல்லை. ஆனால் காலை எட்டு மணிக்கு எல்லோரும் கிளம்பிப் போனபின் சாயங்காலம் வரை நாலு சுவருக்குள் இருப்பது எங்கள் இருவருக்குமே ஒத்துவரவில்லை.

சிறுவாணி ரோடு பக்கம் ஓய்வு பெற்றோருக்கான குடியிருப்புகள் இரண்டைப் பார்த்துவிட்டு வந்தோம். தம்பதியில் ஒருவருக்காவது 55 ஆகியிருக்க வேண்டும். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் விருந்தாளியாக வந்து தங்கலாம், குடியேற முடியாது. இரண்டு படுக்கையறை ஃப்ளாட் 68 லட்சம் சொல்கிறார்கள். மூன்று வேளைச் சாப்பாடு, வீடு பெருக்கித் துடைப்பது, நர்ஸ் எல்லாம் சேர்த்து இருவருக்கும் மாதம் 30,000 ரூபாய் ஆகும்.

எனக்குப் போக ஆசை. வேலைக்குப் போன காலம் முழுக்க அதிகாலையில் எழுந்து சமைத்து வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். பள்ளியிலிருந்து ஓய்வு கிடைத்தது, அடுப்படியிலிருந்து கிடைக்கவில்லை. அவருக்கோ சொந்த வீட்டை விட்டுப் போக மனமே இல்லை. தொழிற்சாலை நண்பர்கள், தெரிந்த டாக்டர், தெரிந்த கடை எல்லாம் இங்கேதான். போய் இருப்பவர்களும், போகாமல் முடிவெடுத்தவர்களும் சொல்லுங்கள்.

சொந்தவீடு

போகாதீர்கள் அம்மா. கும்பகோணத்தில் நானும் மனைவியும் தனியாகத்தான் இருக்கிறோம், எனக்கு 72. காலையில் ஒரு அம்மா வந்து இரண்டு வேளைக்கும் சமைத்துவிட்டுப் போகிறார். குளியலறையில் வழுக்காத டைல்ஸ் மாற்றி, கைப்பிடிக் கம்பி பொருத்தி, கம்மோடும் வைத்தாயிற்று. மாடியில் குடியிருக்கும் பையன் ஒரு குரல் கொடுத்தால் ஓடி வருவான். அவசரத்துக்கு 108 இருக்கிறது. ஆலோசனை கேட்க, தொல்லை என்றால் சொல்ல, முதியோருக்கான 14567 உதவி எண் இருக்கிறது. நீங்கள் சொல்லும் 68 லட்சத்தில் நாலில் ஒரு பங்குகூட இல்லாமல் இதையெல்லாம் செய்துவிடலாம். சமையல்தான் உங்கள் பிரச்சினை என்றால் சமையல்காரரை வையுங்கள். அதற்காக ஊரையே மாற்றுவதா?

நொய்யல்

டீச்சரம்மா, நான் அந்தப் பக்கத்து குடியிருப்பு ஒன்றில்தான் இருக்கிறேனுங்க. வயது 74. வீட்டுக்காரரோடு வந்தேன், இப்போது தனியாக இருக்கிறேன். உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

காலையில் ஆறரைக்கு காபி. எட்டு மணிக்கு டைனிங் ஹாலில் டிபன். யாராவது டிபனுக்கு வரவில்லை, முன்கூட்டிச் சொல்லவும் இல்லை என்றால், ஒன்பதரைக்குள் கதவைத் தட்டி விசாரித்துவிடுவார்கள். வாசலில் இருக்கும் நீச்சல் குளம், ஜிம் எல்லாம் பார்க்க வருபவர்களுக்குக் காட்டத்தான், எங்களில் யாரும் அதிகம் போவதில்லை. டிபன் நேரத்தில் ஆள் வந்தாரா என்று பார்க்கிறார்களே, அதுதான் பெரிய விஷயமுங்க. எங்கள் வரிசையில் ஒருவருக்கு ராத்திரியில் பக்கவாதம் வந்தது காலையில் அப்படித்தான் தெரிந்தது. தனி வீட்டில் பால்காரர் கவனித்தால்தான் உண்டு.

பாத்ரூமிலும் கட்டில் பக்கத்திலும் அழைப்பு ஸ்விட்ச் இருக்கிறது. ஆனால் வீடு பார்க்க வரும்போது நீங்களே அதை அழுத்திப் பாருங்கள், எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறார் என்று. ராத்திரியில் எத்தனை நர்ஸ், அவர் படித்த நர்ஸா அல்லது அட்டெண்டரா என்றும் கேளுங்கள். பகலில் பார்ப்பது ஒன்று, ராத்திரி ஒன்றாக இருக்கும்.

சாப்பாட்டில் சண்டை வரும். இட்லி புளிக்கிறது, சாம்பாரில் காரம், அரிசியை மாற்றிவிட்டார்கள் என்று மாதாமாதம் கூட்டத்தில் இதே பேச்சுதான். தஞ்சாவூர்க்காரர்களுக்கு ஒரு ருசி, எங்களுக்கு ஒரு ருசி, மும்பையிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு ருசி. அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் இறந்துபோன அன்றைக்கு நான் ஒன்றுமே செய்யவில்லை. ஃப்ரீசர் பாக்ஸ், டாக்டர் சான்றிதழ், மின் மயானத்தில் நேரம் வாங்குவது, மகன் விமானத்தில் வந்து சேரும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எல்லாம் அங்கே இருந்தவர்களே பார்த்துக்கொண்டார்கள். அடுத்த வாரம் என்னைத் தனியாகச் சாப்பிட விடவில்லை. என் சொந்த ஊரில் இருந்திருந்தால் உறவு நிறைய வந்திருக்கும், பதினாறு முடிந்ததும் எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

இளைய மகன்

என் அம்மாவை இப்படி ஒரு இடத்தில் சேர்த்தபோது சித்தப்பா, பெரியப்பா எல்லோரும் "பெற்ற தாயைக் கொண்டுபோய் விட்டுவிட்டான்" என்று பேசினார்கள். ஆனால் அம்மாவே தேடிப் பார்த்து, அம்மாவே முடிவு செய்து போன இடம் அது. டீச்சர், நீங்கள் போவதாக இருந்தால் முடிவு உங்கள் இருவருடையது என்று உறவுக்காரர்களிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

குரோம்பேட்டைக்காரர்

வங்கியில் இருந்தவன் என்பதால் கணக்கு மட்டும் சொல்கிறேன். சமையல்காரரா, குடியிருப்பா என்று ஒப்பிடும்போது இன்றைய 30,000 ரூபாயை வைத்துப் பேசாதீர்கள். மெயின்டனன்ஸும் சாப்பாடும் வருஷத்துக்கு 8 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால் ஒன்பது வருஷத்தில் அது 60,000 ஆகிவிடும். அப்போது உங்களுக்கு 73, சாருக்கு 78. செலவு கூடும் வயது அது. உயர்வுக்கு உச்சவரம்பு ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

வரியும் உண்டு. குடியிருப்போர் சங்கமே பராமரிப்பை நடத்தினால் உறுப்பினருக்கு மாதம் 7,500 ரூபாய் வரையிலான கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. நிறுவனம் நடத்தினால் அந்த விலக்கு கிடையாது, மெயின்டனன்ஸுக்கு 18 சதவீதம். அவர்கள் சொன்ன 30,000 வரியோடு சேர்த்தா, வரி தனியா?

வரவுப் பக்கம்: மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2023 ஏப்ரலிலிருந்து ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 8.2 சதவீத வட்டியில் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 61,500 வரும், அதாவது மாதத்துக்கு 20,500. ஐந்து வருஷத்துக்கு அந்த வட்டி மாறாது. கணவன் மனைவி தனித்தனியாகவும் போடலாம். கையில் இருக்கும் பணத்தையெல்லாம் 68 லட்ச ரூபாய் ஃப்ளாட்டில் முடக்கிவிட்டால் இந்த வருமானம் போய்விடும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டில் பெரிய பென்ஷன் உங்களுடையது. பெல்லில் இருந்த சாருக்கு வருவது பி.எஃப். பென்ஷனாக இருந்தால் அது சொற்பம். நீங்கள் முதலில் போய்விட்டால் சாருக்குக் குடும்ப ஓய்வூதியமாகக் கிடைப்பது உங்கள் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீத அடிப்படையில்தான். ஆனால் ஒருவர் குறைந்ததால் அந்த இடத்தில் கட்டணம் பாதியாகாது. சாப்பாட்டுச் செலவு மட்டும்தான் குறையும், ஃப்ளாட்டுக்கான கட்டணம் அப்படியே இருக்கும். "இருவருக்கும் எவ்வளவு" என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். "ஒருவருக்கு எவ்வளவு" என்றும் கேட்க வேண்டும்.

திருவெறும்பூர் டீச்சர்

அதை நாங்கள் கேட்கவே இல்லை. இன்றைக்கே ஃபோன் செய்கிறேன். சொந்தவீடு ஐயா, சமையலுக்கு ஆள் வைத்துப் பார்த்தாயிற்று. வருகிறவர்கள் நிலைப்பதில்லை, வராத நாளில் மறுபடி நான்தான்.

ஈரோடு செவிலி

முதியோர் பராமரிப்பில் இருக்கிறேன். இந்த இழையில் யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். இந்தக் குடியிருப்புகளில் பெரும்பாலானவை தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளக் கூடியவர்களுக்கானவை. ஒப்பந்தத்தில் அதற்கென்று ஒரு பத்தி இருக்கும். கால் உடைந்து ஒரு மாதம் படுத்தால் பிரச்சினை இல்லை, நர்ஸ் வருவார், சாப்பாடு அறைக்கே வரும். மறதி நோய் வந்தால்தான் கதை மாறும்.

நான் பார்த்த ஒரு தாத்தா ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஆபீஸுக்குக் கிளம்பிவிடுவார். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவார். மேலே இருப்பவர்கள் புகார் செய்தார்கள். நிர்வாகம் பிள்ளைகளை அழைத்து, "24 மணி நேர அட்டெண்டர் வையுங்கள், இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள்" என்றது. அட்டெண்டருக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மேல், அதுவும் மெயின்டனன்ஸுக்கு மேலே. அந்தத் தாத்தாவின் மனைவிக்கு வயது 76. தாத்தாவைத் தனியாக விட்டுவிட்டுப் போகவும் முடியாது, கூட்டிக்கொண்டு போகவும் இடம் இல்லை. சொந்த வீட்டை ஏற்கனவே விற்றாயிற்று.

இதனால் அந்த இடமே கூடாது என்று சொல்லவில்லை. சில இடங்களில் அதே வளாகத்தில் படுத்த படுக்கையானவர்களுக்கும் மறதி நோய்க்காரர்களுக்கும் தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். ஒருவர் அந்தப் பிரிவில், இன்னொருவர் ஃப்ளாட்டில், தினமும் நடந்து போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட பிரிவு இருக்கிறதா, "வரப்போகிறது" என்று சொல்கிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். வரப்போவதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

ஃபீனிக்ஸ்வாசி

அமெரிக்காவில் அரிசோனாவில் இருக்கிறேன். இந்த ஏற்பாட்டின் தாய்வீடு எங்கள் ஊர்ப் பக்கம்தான். சன் சிட்டி என்ற முதியோர் நகரம் 1960 ஜனவரி 1 அன்று திறந்தது. இங்கே இதற்கென்று சட்டம் இருக்கிறது. 1995இல் செய்த திருத்தத்தின்படி, குறைந்தது 80 சதவீத வீடுகளில் 55 வயது ஆன ஒருவராவது இருந்தால் குழந்தைகள் உள்ள குடும்பங்கள் குடியேறுவதை மறுக்கலாம். இந்தியாவில் வயது வரம்பு எதன் அடிப்படையில் நிற்கிறது? நாளைக்கு நிர்வாகமே விற்பனை ஆகவில்லை என்று இளையவர்களுக்கு விற்றால் யார் தடுப்பது?

மதுரை வழக்கறிஞர்

ஃபீனிக்ஸ்வாசி கேட்டது சரியான கேள்வி. இங்கே வயது வரம்பைக் காப்பது ஒப்பந்தமும் சங்கத்தின் துணை விதிகளும்தான். எனவே அவை இரண்டையும் முன்பணம் கொடுப்பதற்கு முன் முழுதாக வாங்கிப் படியுங்கள். வண்ண விளம்பர அட்டையில் அச்சிட்டதற்கு மதிப்பு கிடையாது என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

கிரயப் பத்திரம் போட்டு நிலத்தில் பிரிக்கப்படாத பங்கோடு வாங்குவது ஒரு வகை. வீடு உங்கள் பெயரில் வரும், பிள்ளைகளுக்கும் போகும். ஆனால் உங்கள் மகனுக்கு 40 வயது என்றால் அவர் உரிமையாளராக இருக்கலாம், குடியிருக்க முடியாது. விற்பதென்றாலும் 55 தாண்டியவருக்குத்தான் விற்க முடியும், வாங்குபவர் கூட்டம் சிறியது. முதலில் நிர்வாகத்திடமே கேட்க வேண்டும், கைமாற்றுக் கட்டணம் தர வேண்டும் என்றெல்லாம் விதி இருக்கும். வாரிசு வரும்வரை பூட்டிக் கிடந்தாலும் மெயின்டனன்ஸ் ஓடிக்கொண்டே இருக்கும்.

டெபாசிட் கட்டி ஆயுள் வரை இருப்பது இன்னொரு வகை. வீடு உங்களுடையது ஆகாது, போகும்போது டெபாசிட்டில் ஒரு பகுதி திரும்ப வரும். எவ்வளவு கழிப்பார்கள், எத்தனை நாளில் தருவார்கள், நிறுவனம் கைமாறினால் யார் பொறுப்பு என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்தே ஆக வேண்டும்.

விற்பனைக்கு வரும் திட்டம் என்றால் தமிழ்நாடு ரெரா (வீடு, மனைத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஓய்வு பெற்றோர் இல்லங்களுக்காக மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019இல் மாதிரி வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. வீடு கட்டுபவர், சேவை நடத்துபவர், வாங்குபவர் மூவரும் சேர்ந்து ஒப்பந்தம் போட வேண்டும் என்பது அதில் முக்கியமான ஒன்று. கட்டியவர் விற்றுவிட்டுப் போய், சமையலும் நர்ஸும் நின்றுபோனால் யாரைப் பிடிப்பது என்பதற்காகத்தான் அது. இவை மாதிரி நெறிகள்தான், ஆனால் "இதன்படி தருவீர்களா" என்று கேட்க உங்களுக்கு ஒரு பிடி.

இப்போதிருக்கும் வீட்டைப் பிள்ளைகள் பெயருக்குத் தானமாக எழுதிவிட்டுப் போகலாம் என்று நினைத்தால், அவசரப்பட வேண்டாம். எழுதியே தீர வேண்டும் என்றால் "எங்களைப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவில் பத்திரத்தை ரத்து செய்ய வழி உண்டு, அதற்கு அந்த நிபந்தனை அடிப்படை.

சொந்தவீடு

இவ்வளவு படித்த பிறகும் போகச் சொல்கிறீர்களா? இத்தனை நிபந்தனையும் எதற்கு?

இன்னொரு கேள்வி. நான் கேட்டவரை பல இடங்களில் சைவச் சமையல் மட்டும்தான். திருச்சிக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு இல்லாமல் இறங்குமா?

நொய்யல்

அது உண்மைதானுங்க. எங்கள் டைனிங் ஹாலில் முட்டைகூடக் கிடையாது. அவரவர் வீட்டுக்குள் சமைத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் விதி. வேறு இடங்களில் வீட்டுக்குள்ளும் கூடாது என்கிறார்கள். சாப்பாட்டை வைத்தே எந்த சாதியார் வர வேண்டும், யார் வர வேண்டாம் என்று சொல்லாமல் சொல்லும் இடங்கள் உண்டு. நாங்கள் வந்த புதிதில் இரண்டு மூன்று பேர் குலதெய்வம் எது என்று கேட்டு சாதியைத் தெரிந்துகொள்ளப் பார்த்தார்கள். கடைசிக் காலத்தில் ஒரே மேசையில் உட்காரும்போதும் இது வேண்டுமா என்று எனக்கு மனது வலித்தது. இப்போது என் மேசையில் நாங்கள் நாலு பேர், நாலு விதம். ஆனால் இடத்துக்கு இடம் இது மாறும். ஒரு வேளை டைனிங் ஹாலில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்கள், சேர்த்துக்கொள்கிறார்களா என்று அரை மணியில் தெரிந்துவிடும்.

திருவெறும்பூர் டீச்சர்

(டீச்சரின் வீட்டுக்காரர் எழுதுகிறேன். அவர் படிக்கச் சொல்லி ஃபோனைக் கையில் கொடுத்தார்.)

எல்லாவற்றையும் படித்தேன். மீன் எனக்குப் பெரிய விஷயம் இல்லை. சொந்த வீடு, நண்பர்கள் என்று நான் சொன்னது நிஜம். ஆனால் நண்பர்கள் கூட்டமும் முன்போல் இல்லை. ஒருவர் மகனோடு ஓசூர் போய்விட்டார், ஒருவர் டயாலிசிஸில் இருக்கிறார், இரண்டு பேர் இல்லை.

குரோம்பேட்டைக்காரர் எழுதிய அந்த 30 சதவீதக் கணக்கைப் படித்ததிலிருந்து அதே நினைப்பு. அவர் முதலில் போய்விட்டால் எனக்குக் காபி போடக்கூடத் தெரியாது. நான் முதலில் போனால் இந்த வீட்டில் ராத்திரி கேட்டைப் பூட்டிவிட்டு அவர் ஒற்றையாக இருக்க வேண்டும். இரண்டில் எதையும் நாங்கள் இதுவரை வாய்விட்டுப் பேசியதில்லை. நேற்று ராத்திரிதான் பேசினோம்.

நொய்யல் அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும். மனைவியை இழந்த ஆண்கள் அங்கே எப்படி இருக்கிறார்கள்?

நொய்யல்

கேட்டீர்களே, நல்லதுங்க. பெண்களைவிட ஆண்களுக்குத்தான் அது கஷ்டம். நாங்கள் பஜனை, கோலம், ஊறுகாய் என்று எதையாவது சாக்கு வைத்து ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்விடுவோம். ஆண்கள் மனைவி மூலமாகத்தான் எல்லோரிடமும் பழகியிருப்பார்கள், அவர் போனதும் பேச்சே நின்றுவிடும். எங்கள் பிளாக்கில் ஒருவர் மாதக்கணக்கில் டிபனை அறைக்கே வரவழைத்தார். பிறகு சங்கத்தில் மின்சாரக் கணக்கு பார்க்க ஆள் வேண்டும் என்று அவரைப் பிடித்துப் போட்டார்கள். இப்போது ஜெனரேட்டர் டீசல் முதல் தண்ணீர் லாரி வரை அவர் கையெழுத்து இல்லாமல் நகராது. தொழிற்சாலையில் இருந்தவர் நீங்கள். வந்த முதல் மாதமே, இருவரும் நன்றாக இருக்கும்போதே, அப்படி ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். தனியான பிறகு வந்தால் புதிதாகப் பழகும் தெம்பு இருக்காது. நான் பார்த்தவரை, ஒருவர் போனபின் பிள்ளைகள் கொண்டுவந்து விட்டவர்கள்தான் அறைக்குள்ளேயே முடங்குகிறார்கள்.

ஈரோடு செவிலி

முழுதாக ஒத்துக்கொள்கிறேன். 80க்கு மேல் இடம் மாற்றினால் பலருக்கு ராத்திரியில் பாத்ரூம் எந்தப் பக்கம் என்பதே குழம்புகிறது. விழுவதும் அப்போதுதான்.

சொந்தவீடு

சார் எழுதியதைப் படித்தபின் நான் முன்பு சொன்ன அளவுக்கு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நாங்கள் இருவர் இருப்பதை வைத்தே பேசிவிட்டேன். ஆனால் வீட்டை மட்டும் விற்காதீர்கள். அது என் கடைசி வார்த்தை.

திருவெறும்பூர் டீச்சர்

நிலவரம் சொல்கிறேன். இரண்டு இடங்களுக்கும் மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பினோம். ஒருவர் மட்டும் மிஞ்சினால் மாதக் கட்டணம் எவ்வளவு, மறதி நோய் வந்தால் எங்கே வைத்துப் பார்ப்பீர்கள், ஆண்டு உயர்வுக்கு வரம்பு என்ன. ஒரு இடத்தில் ஃபோனில் கூப்பிட்டு "நாங்க பாத்துக்குவோம் மேடம், கவலைப்படாதீங்க" என்றார்கள். எழுதித் தரக் கேட்டேன், பிறகு பதிலே இல்லை. அந்த இடத்தை விட்டுவிட்டோம்.

இன்னொரு இடம் எழுத்திலேயே பதில் தந்தது. ஒருவருக்கு 21,000, வரி தனி. மறதி நோய்க்கு அவர்களிடம் பிரிவு இல்லை, கோவையில் வேறொரு மையத்துக்கு அனுப்புவோம் என்று நேராகவே எழுதியிருக்கிறார்கள். இல்லை என்று சொன்னதால் அவர்கள் மேல் நம்பிக்கை கூடியது. ஆனால் அந்தப் பிரிவு இல்லாததாலேயே இப்போதைக்கு அங்கே வாங்குவதில்லை என்று முடிவு.

அங்கே ஃப்ளாட் வாங்கிப் பூட்டி வைத்திருக்கும் ஒருவர் வாடகைக்குத் தருகிறார். ஆவணியில் போகிறோம், பொங்கல் வரை இருந்து பார்ப்போம். இந்த வீட்டை விற்பதில்லை. மாடியில் இருப்பவர்களே கீழ்வீட்டையும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அதற்குள் தனிப் பிரிவு உள்ள வேறு இடங்களையும் அங்கிருந்தே போய்ப் பார்க்கலாம். வழக்கறிஞர் சார், வாடகை ஒப்பந்தத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

மதுரை வழக்கறிஞர்

11 மாத ஒப்பந்தமாகப் போட்டு, இடையில் காலி செய்ய ஒரு மாத முன்னறிவிப்பு போதும் என்று எழுதுங்கள். வாடகைதாரருக்கும் நர்ஸ், டைனிங் ஹால், அழைப்பு ஸ்விட்ச் எல்லாம் உரிமையாளருக்கு இருப்பது போலவே உண்டு என்று நிர்வாகத்திடமிருந்து தனியாக ஒரு கடிதம் வாங்குங்கள். சங்கக் கூட்டத்தில் வாடகைதாரருக்கு ஓட்டு இருக்காது, ஆனால் உட்கார விடுவார்களா என்று கேளுங்கள். சார் அந்தக் கூட்டத்துக்குப் போக வேண்டும்.

நொய்யல்

ஆவணியில் வந்ததும் இங்கே எழுதுங்கள் டீச்சரம்மா. நான் இருக்கும் இடம் அங்கிருந்து ஆட்டோ தூரம்தான். சாரையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் டிபனுக்கு வாருங்கள், அந்த மின்சாரக் கணக்குக்காரரை அறிமுகப்படுத்துகிறேன்.